உன் கடைக்கு என் வண்டி வராத காரணம்

தினேஷ்,

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிக்குழம்புத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நீ சொன்னதை நான் அப்படியே மனப்பாடமாக வைத்திருக்கிறேன். "அம்மா, அரியலூர் கடைத் திறப்புக்கு வா. சாமி கும்புடு, தேங்கா ஒட, சாப்ட்டுட்டுப் போ. கஸ்டமர்கிட்ட மட்டும் வாயத் தொறக்காத. அதுக்கப்புறம் கடப் பக்கமே வராத. பெரம்பலூர் கடைக்கும் சேத்துதான் சொல்றேன்." உன் அப்பா தட்டில் இல்லாத எலும்பைத் தேடிக்கொண்டிருந்தார். நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாத அம்மாவை நீ இதற்கு முன் பார்த்ததில்லை, அதனால் நீயே கொஞ்சம் பயந்துபோய் இன்னொரு கரண்டி சோறு கேட்டாய். போனில் பேசலாம் என்றால் "பாலிஷ் ஓடிட்டு இருக்கு, அப்புறம் கூப்புடுறேன்" என்பாய். வாய்ஸ் மெசேஜ் போட்டால் அதை வேகமாக ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியும், உன் கூட்டாளி ராம்கி சொல்லிவிட்டான். எழுத்தை அப்படி ஓட்ட முடியாது. அதனால் எழுதுகிறேன். இதை ஒளித்து வைக்க வேண்டியதில்லை. ராம்கி படிக்கட்டும், கடையில் காத்திருக்கிறவர்கள் படிக்கட்டும், வளர்ந்த பிள்ளை கடை வைத்திருக்கிற எந்த அம்மா அப்பாவும் படிக்கட்டும்.

நான் சந்தேகப் பிராணிதான், ஒப்புக்கொள்கிறேன். பெரம்பலூரிலும் அரியலூரிலும் மாறி மாறி போலீஸ் ஸ்டேஷனில் வேலை பார்த்து ஏட்டம்மாவாக ரிட்டயர் ஆனவள். அதில் பாதிக் காலம் திருட்டு வண்டிகளோடு போனது. நம்பர் பிளேட்டை நம்பாதே, சாவியைப் பார். ஆளின் முகத்தைப் பார்க்காதே, கையைப் பார் என்று சம்பளம் கொடுத்துக் கற்றுக்கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அதைத் தொப்பியோடு கழற்றி ஆணியில் மாட்டிவிட என்னால் முடியவில்லை. அதோடு, வீட்டில் ஒருவராவது சந்தேகப்பட வேண்டும். இல்லையென்றால் உன் அப்பாவை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியுமா? வாசலில் வந்தவனிடம் மலைத்தேன் என்று ஒரு டின் வாங்கினாரே, ஞாபகம் இருக்கிறதா? மறுநாள் பார்த்தால் அடியில் வெல்லம் கட்டிகட்டியாக நிற்கிறது. அதைக் கரண்டியில் எடுத்துக் காட்டினால், "அந்தாளு மூஞ்சி அப்படி இல்லடி" என்றார். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்.

நீ மட்டும் என்ன, உத்தமனா? நாம் அரியலூரில் குவார்ட்டர்ஸில் இருந்தபோது நீ ஏழாவது படித்தாய். டியூஷனுக்கு என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போவாய். ஒரு நாள் டயரைத் தொட்டுப் பார்த்தேன், இடுக்கெல்லாம் வெள்ளைத் தூசி. டியூஷன் வீட்டுத் தெருவில் ஏது சுண்ணாம்புக்கல்? பழைய சுரங்கக் குழியில் தேங்கிய தண்ணீரில் குதிக்கப் போயிருக்கிறாய். அந்த மாதிரிக் குழியிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். அன்றைக்கு உன்னை அடித்த அடியில் என் கைதான் வீங்கியது. அடுத்த வாரம் என்ன செய்தாய்? சைக்கிளைக் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் போட்டு, பளபளவென்று நிறுத்தி வைத்திருந்தாய். சித்திரை வெயில், சிமெண்ட் லாரி ஓடுகிற ஊர், அத்தனை சைக்கிளும் தூசி படிந்து கிடக்கிறது, உன்னுடையது மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது! அதை வைத்துத்தான் மறுபடியும் பிடித்தேன். நீ முதன்முதலில் வண்டிக்கு டீடெய்லிங் செய்ததே என்னை ஏமாற்றத்தான்டா. அன்றிலிருந்து அளவுக்கு மீறிச் சுத்தமாக இருக்கிற வண்டியைப் பார்த்தால் எனக்குள் ஏதோ அரிக்கிறது.

அப்படிப்பட்டவளிடம் வந்து, மெக்கானிக்கல் படித்து ஓசூரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, பைக் டீடெய்லிங் ஆரம்பிக்கப் போகிறேன் என்று நின்றாய். வாட்டர் சர்வீஸ்தானே என்றேன். நெற்றியில் அடித்துக்கொண்டாய். "வாட்டர் சர்வீஸ்னா சேத்தக் கழுவுறதும்மா. நாங்க நொற போட்டு, இண்டு இடுக்கெல்லாம் பிரஷ்ல எடுத்து, கீறல பாலிஷ் பண்ணி, மேல கோட்டிங் குடுப்போம். தூசி ஒட்டாது." ஒட்டாது என்று சொன்ன அந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. இந்த மண்ணில் எதில் தூசி ஒட்டாமல் இருந்திருக்கிறது? பெரம்பலூர் கடை திறந்த முதல் வாரம், நீ கோட்டிங் அடித்து வைத்திருந்த ராம்கியின் வண்டி டேங்கில் மஞ்சள் தண்ணீரை ஊற்றி வெயிலில் காயவிட்டது நான்தான். நீங்கள் இரண்டு பேரும் பறவை எச்சம் என்று நினைத்துத் துடைத்தீர்கள். கறை போய்விட்டது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ராம்கியையும் நான் விடவில்லை. "ஆன்ட்டி, ஆன்ட்டி" என்று சுற்றிச் சுற்றி வந்தான். எதற்கு இவ்வளவு மரியாதை? தா.பழூரில் அவன் தெருவுக்கே போய் விசாரித்தேன். உனக்குத் தெரியாது, இப்போது தெரிந்துகொள். வீட்டுக்கு அடங்கின பிள்ளைதான், நாற்று நடுகிற நேரத்தில் மட்டும் எங்காவது காணாமல் போய்விடுவான் என்றார்கள். வேறு ஒன்றும் கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

கீறலை அழிப்பது சாட்சியை அழிப்பது மாதிரி என்று உன்னிடம் சண்டை போட்டேனே, அன்றைக்கு நீ என் கையைப் பிடித்து ஒரு வண்டியின் மேல் வைத்தாய். "நகத்த வெச்சு இழுத்துப் பாரு. வழுக்கிட்டுப் போனா பாலிஷ்ல போயிரும். நகம் மாட்டுச்சுன்னா போகாது, ஆழமா எறங்கிருச்சுன்னு அர்த்தம். அத வண்டிக்காரங்ககிட்ட நேராச் சொல்லிருவேன். பூசி மறைக்க மாட்டேன்." பொய் சொல்லும்போது இடது காதைத் தடவுவது உன் வழக்கம். அன்றைக்கு உன் கை காதுப் பக்கம் போகவே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. சொன்னால் தலைக்கு மேல் ஏறிக்கொள்வாய் என்று சொல்லவில்லை.

அப்புறம்தான் நான் தினமும் கடைக்கு வர ஆரம்பித்தேன். குரும்பலூரிலிருந்து என் பழைய ஸ்கூட்டரில் வந்து, எதிரில் வேப்பமர நிழலில் நிறுத்திவிட்டு, பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். ஹெட்லைட் கண்ணாடி மஞ்சளடித்து, இடது பக்கம் பெரிய வேல் ஸ்டிக்கர் ஒட்டிய வண்டி. அதை ஓட்டுவது நான், பின்னால் உட்காருவது உன் அப்பா. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். நான் யார் பின்னாலும் உட்கார்ந்ததில்லை. உன் கடைக்கு வந்து நான் என்ன கெடுதல் செய்தேன்? வண்டி பழசு, சாவி மட்டும் புதுசு என்றால் ஏன் என்று கேள். கிலோமீட்டர் கம்மியாகக் காட்டுகிறது, கால் வைக்கிற ரப்பர் தேய்ந்து மொழுக்கென்று இருக்கிறது என்றால் கேள். ஆர்.சி. காப்பி இல்லாமல் வண்டியைக் கடைக்குள் ஏற்றாதே. இதெல்லாம் நான் சொன்னதுதான். புதுச் சாவியோடு ஒருத்தன் வந்தானே, ஆர்.சி. கேட்டதும் "எடுத்துட்டு வரேங்க" என்று போனவன் இன்று வரை வரவில்லை. நீ கஸ்டமரை விரட்டிவிட்டாய் என்கிறாய். நான் திருடனை விரட்டினேன் என்கிறேன். இரண்டு பேருக்கும் நிச்சயமாகத் தெரியாது, ஆனால் நான் சொல்வதுதான் சரி.

இப்போது பாய் விஷயத்துக்கு வருகிறேன். அதுதானே உனக்கு ஆறவில்லை.

லப்பைக்குடிக்காட்டிலிருந்து அந்தப் பெரியவர் கறுப்புப் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தபோதே எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது. ஓட்டிக்கொண்டு வந்தவர், உன் கடை கண்ணில் பட்டதும் தெருமுனையில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார். யாராவது அப்படிச் செய்வார்களா? வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, முழங்கையில் மட்டும் பிளாஸ்திரி. "மவன் வண்டி தம்பி. குவைத்துல இருக்கான். ரெண்டு வருசமா வூட்டுல மூடித்தான் கெடக்கு. வர்ற வெள்ளிக்கெழம வந்து எறங்குறான், புதுசு மாரி ஆக்கிக் குடுங்க" என்றார். நீ தலையாட்டினாய். நான் எழுந்து வந்தேன்.

மூடிக் கிடந்த வண்டி என்றால் டயர் இடுக்கில் ஈர மண் எப்படி வந்தது என்று கேட்டேன். "ஸ்டார்ட் பண்ணி வெக்கச் சொன்னாம்மா, வாசல்லயே…" என்றார். வாசலில் ஸ்டார்ட் பண்ணினால் இடது பக்கக் கண்ணாடி மட்டும் எப்படிப் புதுசாகும்? ஃபுட்ரெஸ்ட் எப்படி வளையும்? ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது? மகன் பெயர் என்ன? மகனுக்குப் போன் போடுங்கள், நான் பேசுகிறேன். போன் என்றதும் அவர் ஆடிப்போய்விட்டார். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். காத்திருந்த பையன்கள் போனைக் கீழே வைத்துவிட்டு எங்களையே பார்த்தார்கள். நீ "அம்மா… அம்மா…" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். எனக்குக் காதில் விழுந்தது. நிறுத்தத்தான் மனசு வரவில்லை. ஒருத்தர் பொய் சொல்கிறார் என்று தெரிந்துவிட்டால் எனக்குப் பசி தூக்கம் தெரியாது.

கடைசியில் சொல்லிவிட்டார். "அல்லா மேல ஆணையா திருட்டு வண்டி இல்லம்மா. மவன், ‘அத்தா, ஓட்டாதீங்க’ன்னுதான் சொல்லிட்டுப் போனான். நான்தான் ஓட்டுனேன். மொதல்ல பள்ளிவாசலுக்கு, அப்புறம் ஆத்துப் பாலம் வரைக்கும். காத்து நல்லா இருக்கும்மா அங்க. போன வாரம் வெழுந்துட்டேன். அவனுக்குத் தெரிஞ்சா சாவியப் புடுங்கி வெச்சிருவான், அப்புறம் நான் எங்கயும் போவ முடியாது." பையன்களில் ஒருத்தன் சிரித்துவிட்டான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்குத் தெரியும், நீ அங்கேதான் நின்றாய். "இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க இந்த ஆட்டம்? புள்ள சொன்னாக் கேக்க வேணாமா?" என்றேன். கை தட்டாத குறைதான், அவ்வளவு சத்தமாகச் சொன்னேன்.

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு வண்டியைத் திருப்பினார். நீ பின்னாலேயே ஓடினாய். மறுநாள் கடையில் பாலிஷ் மெஷினும் நுரை அடிக்கிற கேனும் இல்லை, நீயும் இல்லை. ராம்கி "மாமா வூட்டு விசேஷம் ஆன்ட்டி" என்றான். மெஷினைத் தூக்கிக்கொண்டு யாராவது விசேஷத்துக்குப் போவார்களா? நீ லப்பைக்குடிக்காட்டுக்குப் போய், அவர் வீட்டு வாசலிலேயே வைத்து வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய். இதையும் விசாரித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அதற்கு மட்டும் நீ என்னைக் கோபித்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கை கழுவிவிட்டு இன்னொன்று சொன்னாய். "ஊரே என்ன நம்பி வண்டியக் குடுக்குது. நான் கட தொறந்த நாள்லேர்ந்து கேக்குறேன், ஒன் வண்டிய ஒரு தடவ குடுன்னு. குடுத்தியா? ஒனக்கு என் மேலயே சந்தேகம்." கதவைச் சாத்திக்கொண்டு நான் படுத்துவிட்டேன்.

கேட்டாய், உண்மைதான். எத்தனையோ தடவை கேட்டாய். அந்த வேல் ஸ்டிக்கர் வெயிலில் காய்ந்து பெயிண்டைக் கெடுத்துவிடும், எடுத்துவிடுகிறேன் என்று ஒரு நாள் கையை வைத்தபோது, "சாமி விஷயத்துல கை வெக்காத" என்று கத்தினேன். கோயிலுக்குப் போனால் செருப்புக்குக் காவல் நிற்கிறவள் நான். எனக்கு ஏது சாமி? உன் அப்பா, "பரவால்லயே, ஒனக்கும் பக்தி வந்துருச்சே" என்று சந்தோஷப்பட்டார். அவர் தேன் வாங்கின ஆள். நீ என் பிள்ளை, நீயாவது யோசித்திருக்க வேண்டாமா?

பாய் கடைக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்னால், இருட்டுகிற நேரத்தில் பெரம்பலூரிலிருந்து வந்துகொண்டிருந்தேன். எதிரில் வந்த வண்டியின் வெளிச்சம் கண்ணில் பரவி, நாலு பக்கமும் வெள்ளையாகப் போய்விட்டது. ரோட்டோரம் கரும்பு டிராக்டரின் டிரெய்லர் நின்றிருக்கிறது. பக்கத்தில் போகும் வரை எனக்குத் தெரியவில்லை. இடது பக்கம் முழுக்க அதில் உரசி, வண்டியோடு சரிந்தேன். டிரெய்லருக்குப் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் இல்லை, கேஸே போடலாம். ஆனால் இப்படி எத்தனை டிரெய்லரைத் தாண்டி வந்திருக்கிறேன். போன வருஷமாக இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். ஆறு மாதமாகவே வலது கண்ணில் புகை மூட்டம் போலத்தான் இருக்கிறது. வெளிச்சத்தைப் பார்த்தால் சுற்றி வட்டம் வட்டமாக வருகிறது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. முழங்கால் காயத்துக்கு, குளியலறையில் வழுக்கியது என்றேன். மறுநாள் டவுனுக்குப் போய்க் கடையில் இருந்ததிலேயே பெரிய ஸ்டிக்கராகக் கேட்டேன். அது வேலாக இருந்தது, அவ்வளவுதான். நடிகர் படமாக இருந்திருந்தாலும் ஒட்டியிருப்பேன்.

வேப்பமரத்தடியில் அந்த வண்டியை நிறுத்திவிட்டுத்தான், அந்த மனுஷனைப் பார்த்து இந்த வயசில் எதுக்கு ஆட்டம் என்று கேட்டேன். சாவியைப் பிடுங்கிவிடுவான் என்று அவர் சொன்னபோது என் கை என் வண்டிச் சாவியைத் தேடியது. அதனால்தான் அவ்வளவு சத்தம். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவரை ஒரு நாள் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர் மகன் ஊரில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போவேன்.

உன் மேல் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை தினேஷ். நீ வேலை தெரிந்தவன் என்ற பயம்தான். ஸ்டிக்கரை எடுத்தால் நகம் மாட்டும். நானே வைத்துப் பார்த்துவிட்டேன். பிறகு நீ என்னிடம் நேராகச் சொல்லிவிடுவாய்.

இங்கே வரைக்கும் நேற்றே எழுதிவிட்டு, உனக்குக் கொடுக்க வேண்டாம் என்று பீரோவில் வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக இன்றைக்குச் சாயங்காலம் பால் வாங்க வண்டியை எடுத்து லைட்டைப் போட்டேன். ரோடு பளிச்சென்று தெரிந்தது. இறங்கிப் பார்த்தால், மஞ்சளடித்திருந்த ஹெட்லைட் கண்ணாடி தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கிறது. உள்ளே பல்பும் புதுசு. உன் அப்பாவுக்கு அந்த வண்டியில் சீட்டைத் தவிர வேறு எதுவும் தெரியாது. வேல் ஸ்டிக்கரின் கீழ் ஓரம் ரொம்ப நாளாகக் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. இப்போது அதை யாரோ சுத்தமாகத் துடைத்து அழுத்தி ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே எட்டிப் பார்க்காமலா ஒட்டியிருப்பார்கள்? ஞாயிற்றுக்கிழமை நீ சண்டை போட்டுவிட்டு வாசலுக்குப் போனாய். உன் பைக் கிளம்புகிற சத்தம் கேட்க ரொம்ப நேரம் ஆனது. படுத்துக்கொண்டே இவன் வாசலில் என்னதான் செய்கிறான் என்று சந்தேகப்பட்டேன். எழுந்து வந்து பார்க்கவில்லை. என் சர்வீஸிலேயே நான் விட்ட பெரிய தப்பு அதுதான்.

பார்த்துவிட்டு ஏன்டா ஒன்றும் கேட்கவில்லை? பாயைக் கேட்காத மாதிரி என்னையும் கேட்காமல் விட்டுவிட்டாயா? மாடத்து ஆணியில் சாவி தொங்கிக்கொண்டுதான் இருந்தது. நீ அதைத் தொடவில்லை. பால் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே அழுதேன். உன் அப்பா வந்து பார்த்தார். கண்ணில் தூசி என்றேன், நம்பிவிட்டார்.

சரி. அரியலூர் கடைத் திறப்புக்கு நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் வருகிறோம். கஸ்டமரிடம் பேச மாட்டேன், கஷ்டம்தான், முயற்சி செய்கிறேன். முதல்நாளே நீ வந்து என் வண்டியை எடுத்துப்போய் முதல் வண்டியாகக் கடைக்குள் நிறுத்து. எலுமிச்சம்பழத்தை அதன் சக்கரத்துக்குக் கீழே வை. ஆர்.சி. காப்பி சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சேஸிஸ் நம்பரையும் ஒத்துப் பார்த்துக்கொள், அம்மா வண்டி என்று விட்டுவிடாதே. ஸ்டிக்கரை நீயே உரித்து எடு. அந்தக் கீறல் போகாது, தெரியும். அப்படியே இருக்கட்டும், மேலே எதையும் ஒட்டாதே.

அடுத்த நாள் கண் டாக்டரிடம் போக வேண்டும். வண்டியை நீ ஓட்டு. நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன். எப்படி உட்காருவது, எதைப் பிடித்துக்கொள்வது என்று எனக்குத் தெரியாது, அப்பாவைக் கேட்டு வைக்கிறேன். மெதுவாகப் போ.

அம்மா